பெட்டியில் ஒட்டப்போகும் முகவரி

கேள்வி

நான் கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பழைய மாணவர்கள் நான்கு பேர் கோவையில் பொறியியல் படிக்கிறார்கள். அவர்களும் நானும் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் சிலரும் சேர்ந்து மலிவான மழைமானி ஒன்று செய்தோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ஒரு மேட்டில் கொட்டுகிற மழை அடுத்த பள்ளத்தில் இருப்பதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவுக்குப் பிறகு எங்கள் ஊரில் மழைக் கணக்கு என்றாலே எல்லோருக்கும் ஒரு பதற்றம். இப்போது 11 பெட்டிகள் ஓடுகின்றன. புனலை ஒருமுறை மாற்றிவிட்டோம். நிரலும் சர்க்யூட் படமும், நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில் இருக்கின்றன. செய்முறைக் குறிப்புகள்தான் சிதறிக் கிடக்கின்றன. பாதி, ஒரு மாணவனின் கல்லூரிக் கணக்கில் கூகுள் டாக்ஸாக இருக்கிறது. மீதி வாட்ஸ்அப்பில். எல்லோரும் சேர்ந்து எழுத ஓர் இடம் வேண்டும். கிட்ஹப்பிலேயே இருக்கும் விக்கி, அதாவது பலர் சேர்ந்து திருத்தும் பக்கங்கள், போதும் என்கிறான் ஒருவன். மாதம் சில நூறு ரூபாய்க்கு சர்வர் எடுத்து விக்கிப்பீடியா மாதிரி மீடியாவிக்கி போடலாம் என்கிறான் இன்னொருவன். டாக்ஸே நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் தோட்டக்கார அண்ணன் ஒருவர். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

பதிலுக்கு முன்னால் ஓர் அவசர வேலை. இதை இன்று இரவே முடித்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் மாணவர் கணக்கை மூடிவிடும். கணக்கு போனால் அதற்குச் சொந்தமான டாக்ஸ் கோப்புகளும் போகும், உங்களோடு பகிர்ந்திருந்தாலும்கூட. கோப்பின் உரிமையை என் ஜிமெயிலுக்கு மாற்றிக் கொடு என்று பையனிடம் கேட்கலாமே என்று தோன்றும். நிறுவனக் கணக்கிலிருந்து வெளியாள் கணக்குக்கு அப்படி மாற்ற முடியாது. அதனால் உங்கள் கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கையோடு மார்க்டவுன் வடிவத்தில் இறக்கியும் வையுங்கள். 2024 ஜூலையிலிருந்து டாக்ஸில் அந்த வசதி இருக்கிறது. மார்க்டவுன் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். 15 வருடமாக மென்பொருளுக்கு ஆவணம் எழுதித்தான் பிழைக்கிறேன், இப்போது குன்னூரில் உட்கார்ந்துகொண்டே. உங்கள் குழுவில் நடக்கிற இதே விவாதத்தைப் பல குழுக்களில் கேட்டிருக்கிறேன். எல்லோரும் எழுதுகிற வசதியைப் பற்றித்தான் பேசுவார்கள். பொத்தான் எங்கே இருக்கிறது, படம் எப்படிப் போடுவது, மொபைலில் திறக்குமா. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா என்று மட்டுமா கேட்கிறோம்? காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுதாகக் கைக்கு வருமா என்றும் கேட்கிறோம். ஆவணத்துக்கும் அந்தக் கேள்வி உண்டு. இந்த இடத்தை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், எழுதியது அத்தனையையும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு, எடுத்துக்கொண்டு போக முடியுமா?

கிளம்ப நேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2006 இல் தொடங்கிய கூகுள் கோட் தளத்தில் ஆயிரக்கணக்கான திட்டங்கள் நிரலையும் விக்கியையும் வைத்திருந்தன. 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2016 ஜனவரியில் மூடினார்கள். பள்ளி ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018 இல் கடையைக் கட்டத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளின் கதையே இப்படி என்றால் சின்ன இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு நேரத் திட்டம் ஒன்றுக்கு நண்பர் ஒருவர் தன் அலுவலகத்தில் சும்மா கிடந்த சர்வரில் விக்கி போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடம் அமோகமாக ஓடியது. நண்பர் வேலை மாறினார். அவர் இடத்துக்கு வந்தவர், இது என்ன தெரியாத சாமான் என்று அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேக்கப் எடுக்காதது நாங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடித் தேடி, பாதிப் பக்கங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்து மீட்டோம். மீதி பாதியில் என்ன எழுதியிருந்தோம் என்பது எழுதியவர்களுக்கே ஞாபகம் வரவில்லை.

நல்லபடியாக முடிந்த ஒரு குடிபெயர்வையும் சொல்ல வேண்டும். விக்கிட்ராவல் என்ற பயண வழிகாட்டியைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதிவந்தார்கள். 2006 இல் ஒரு வணிக நிறுவனம் அந்தத் தளத்தை வாங்கியது. நாளடைவில் எழுதுகிறவர்களுக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 2012 இல் பெரும்பாலானோர் மூட்டை கட்டிக்கொண்டு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவுக்குப் போனார்கள். 2013 ஜனவரியில் அதுவே விக்கிப்பயணம் என்ற விக்கிவாயேஜாக முறைப்படி தொடங்கியது. எழுதிய பக்கங்களையும் எடுத்துக்கொண்டே போனார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுதியிருந்ததால் யாரும் தடுக்க முடியவில்லை. உங்கள் நிரலுக்கு உரிமம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குறிப்புகளுக்கு? நிரலின் உரிமம் குறிப்புகளுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்புகளுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் பகிரலாம்) என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இப்போது எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர், ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எல்லோரும் சம்மதம் சொல்லிவிடுவார்கள். 5 வருடம் கழித்துக் கேட்கப் போனால் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், இன்னொருவர் எண்ணை மாற்றியிருப்பார்.

இனி அந்த மூன்று இடங்கள். மூன்றிலுமே நியாயம் இருக்கிறது.

கிட்ஹப் விக்கி என்று சொன்ன பையனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. 500 நட்சத்திரத்துக்கு (பிடித்திருக்கிறது என்று பயனர்கள் போடும் குறி) குறைவான திட்டங்களின் விக்கியைத் தேடுபொறிகள் எடுத்துக்கொள்ளாதபடி கிட்ஹப் வைத்திருக்கிறது. 500க்கு மேல் இருந்தாலும், பொதுமக்கள் திருத்த முடியாதபடி பூட்டியிருந்தால்தான் தேடலில் வரும். ஒரு மலைக் கிராமத்து மழைமானிக்கு 500 நட்சத்திரம் எப்போது கிடைப்பது? குந்தாவிலோ கூடலூரிலோ ஒருவர் தமிழில் தேடினால் உங்கள் பக்கம் வரவே வராது. இன்னொரு குறை, விக்கிக்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது. திருத்தத்தை ஒருவர் பார்த்து, சரி என்று சொல்லி ஏற்றுகிற வழி அங்கே இல்லை. ஒன்று, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இல்லாவிட்டால் உறுப்பினர் மட்டும் திருத்தலாம். அதற்குள்ளே ஒரு நல்ல குணம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிட்ஹப் விக்கியும் தனியாக ஒரு கிட் களஞ்சியம், அதாவது கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்திருக்கும் இடம். ஒரே கட்டளையில் முழுதாக இறக்கிக்கொள்ளலாம். அட்வான்ஸ் திரும்பி வரும் வீடுதான், ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத வீடு.

மீடியாவிக்கி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடுவது அதில்தான். அதனால் பொத்தான் முதல் பிழைச் செய்தி வரை தமிழ் பேசும். கணினி தெரியாத ஒருவர் ‘தொகு’ என்பதை அழுத்தி எழுதிவிட்டுப் போகலாம். உங்கள் தோட்டக்கார அண்ணனுக்கு இதைவிட எளிதான வாசல் கிடையாது. ஆனால் வாசல் திறந்திருந்தால் ஸ்பேமும் வரும். காலையில் எழுந்து பார்த்தால் புனல் பக்கத்தில் மாத்திரை விளம்பரம் இருக்கும். கணக்கு இருப்பவர் மட்டும் எழுதலாம் என்று பூட்டினால் அந்த எளிமை பாதி போய்விடும். பாதுகாப்புத் திருத்தங்களை விடாமல் ஏற்ற வேண்டும். நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று வருவதற்கே 3 வருடம்தான் ஆயுள். டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுக்க வேண்டும், எடுத்த பேக்கப் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதம் சில நூறு ரூபாய் என்று பையன் சொன்னது சர்வர் வாடகை. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு என்ன வாடகை? அவனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ வரும் மாதத்தில் யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயர், அவன் இல்லாதபோது இன்னொரு பெயர் என்று இரண்டு பதில் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்காரர்கள் மீடியாவிக்கியில்தான் எழுதுகிறார்கள். பிற லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களும் அங்கே போய்த்தான் படிக்கிறார்கள். அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் சொன்ன டாக்ஸைச் சிரித்து ஒதுக்காதீர்கள். முதல் வரைவை எழுதுவதற்கு, நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தைக் கிண்டுவதற்கு, ஓரத்தில் கருத்து போடுவதற்கு அதை மிஞ்சியது குறைவு. ஆனால் கோப்பு ஒரு தனி ஆளின் சொத்தாகவே இருக்கும் (2 வருடம் தொடாத தனிக் கணக்கை கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 இல் வந்திருக்கிறது). 40 கோப்பு ஆனதும் எது புதியது என்று யாருக்கும் தெரியாது. டாக்ஸ் அடுப்படி மாதிரி. சமைப்பது அங்கே நடக்கட்டும், பந்தியை வேறு இடத்தில் போடுங்கள்.

உங்கள் திட்டத்துக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் புனல். கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உதாரணத்துக்குப் பழைய புனலின் வாய் 200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் கரண்டி 4 மி.லி. நிறைந்ததும் கவிழ்கிறது. ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. மழை. புதிய புனல் 100 சதுர செ.மீ., கரண்டி அதேதான் என்றால் ஒரு கவிழ்ப்புக்கு 0.4 மி.மீ. புதிய பெட்டி வைத்திருப்பவர் பழைய பக்கத்தைப் படித்துவிட்டு 0.2 என்று அமைத்தால், 120 மி.மீ. கொட்டிய இரவில் பெட்டி 60 என்று காட்டும். நிலச்சரிவுக்குப் பயந்து செய்த கருவி, பயப்பட வேண்டிய இரவில் தூங்கச் சொல்லும். பழைய பக்கத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதினாலும் தப்பு, பழைய பெட்டிகள் இன்னும் தோட்டத்தில் நிற்கின்றனவே. ஆக, பெட்டியின் பதிப்பு எதுவோ அந்தப் பதிப்பின் ஆவணம் கிடைக்க வேண்டும். விக்கியில் பழைய மாற்றங்கள் இருக்கும் என்றாலும், படிக்க வருகிறவர் பார்ப்பது எப்போதும் கடைசியாக எழுதியதைத்தான். டாக்ஸும் அப்படியே.

அதனால் நான் சொல்வது இது. குறிப்புகளை நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் ஒரு கோப்புறையாக வையுங்கள், மார்க்டவுனில். மார்க்டவுன் என்றால் வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம், அவ்வளவுதான். இன்னும் 20 வருடம் கழித்து எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் கண்ணால் படித்துவிடலாம். அந்தக் கோப்புகளை ஸ்பிங்க்ஸ் என்ற கருவி இணையப் பக்கங்களாக மாற்றும். 2008 இல் பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகப் பிறந்த கருவி அது. மிஸ்ட் என்ற துணைக்கருவியைச் சேர்த்தால் மார்க்டவுனைப் புரிந்துகொள்ளும். மாற்றிய பக்கங்களை ரீட் த டாக்ஸ் என்ற தளம் வெளியிடும். 2010 முதல் இருக்கிறது. கட்டற்ற திட்டங்களுக்குக் காசு இல்லை, பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன விளம்பரம் வரும். களஞ்சியத்தில் ஒரு திருத்தம் ஏறியதும் அதுவே புதிய பக்கங்களை உருவாக்கிக்கொள்ளும். நிரலுக்குப் பதிப்பு எண் போட்டு, ரீட் த டாக்ஸில் அந்தப் பதிப்பை இயக்கிவிட்டால் ஆவணத்துக்கும் அதே எண்ணில் ஒரு பிரதி நின்றுவிடும். படிப்பவர் ஓரத்தில் இருக்கும் பட்டியலில் தன் பெட்டியின் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். புனல் மாறுகிற அன்றைக்கே, நிரலில் 0.2 என்பது 0.4 ஆகும் அதே திருத்தத்தில், பக்கமும் மாறும். இரண்டும் ஒரே பையனின் ஒரே வேலையாக இருந்தால் மறக்காது.

பக்கங்களை வெளியிட கிட்ஹப்பே தரும் கிட்ஹப் பேஜஸ் போதாதா என்று பையன்கள் கேட்பார்கள். போதும்தான், பதிப்புகளைத் தாங்களே கட்டி மேய்க்கத் தயார் என்றால். நாளை ரீட் த டாக்ஸ் மூடினால்? ஸ்பிங்க்ஸ் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். உருவான பக்கங்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். கிட்ஹப்பே மாறிப்போனால்? 2018 இல் அது மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனபோது சிலர் வெளியேறவும் செய்தார்கள். கிட்டில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் இருப்பது வரலாற்றோடு கூடிய முழுப் பிரதி. வேண்டுமானால் பெர்லினில் ஒரு சங்கம் நன்கொடையில் நடத்தும், கிட்ஹப் மாதிரியான கோட்பெர்க் தளத்தில் இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏற்கெனவே கிட்ஹப்பில் இருக்கும்போது வேலை செய்யும் இடத்தை மாற்றச் சொல்லமாட்டேன்.

இவ்வளவு சொல்லியும் முக்கியமான ஆளை விட்டுவிட்டேனே என்று நீங்கள் நினைப்பீர்கள். தோட்டக்கார அண்ணன் கிட்ஹப்பில் கணக்கு தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, புல் ரிக்வெஸ்ட் அனுப்பப் போகிறாரா? மாட்டார். அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். ஆனால் உங்கள் ஆவணத்தில் வேறு எங்கேயும் கிடைக்காத வரிகள் அவரிடம்தான் இருக்கின்றன. தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் சருகு புனல் வாயை அடைத்தால், வெளியே கொட்டும்போது பெட்டி சும்மா இருக்கும். எந்த மாதத்தில் சருகு அதிகம், புனல் மேல் எந்தக் கண் அளவு வலை போட்டால் சருகு தங்காது, எறும்பு கூடு கட்டாமலிருக்க என்ன செய்வது, இதெல்லாம் கோவையில் இருக்கும் பையனுக்குத் தெரியாது. அண்ணன் அதை வாட்ஸ்அப்பில் 40 விநாடிக் குரல் செய்தியாக அனுப்பியிருப்பார். யாரோ கட்டைவிரல் போட்டிருப்பார்கள். அதோடு மேலே போய் மறைந்திருக்கும்.

இதற்குத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், ஒரு முறைவாசல் போதும். மாதம் ஒருவர் எழுத்தர். அந்த மாதம் குழுவில் வரும் குரல் செய்திகளை அவர் கேட்டு, செய்திக்கு இரண்டு வரி என்று எழுதி, களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்த பக்கத்தின் சுட்டியைக் குழுவில் போட்டு, “அண்ணா, நீங்கள் சொன்னது சரியாக வந்திருக்கிறதா, பாருங்கள்” என்று கேட்க வேண்டும். பக்கத்தின் அடியில், அவர் சம்மதித்தால், பெயரையும் போடுங்கள். பெயரைப் பார்த்த பிறகு வருகிற குரல் செய்திகளின் எண்ணிக்கையை நீங்களே கவனியுங்கள். நிரல் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு நிரல் வேண்டாம். கிட்ஹப் பக்கத்தில் பென்சில் படத்தை அழுத்தினால் பிரௌசரிலேயே திருத்தலாம். நிரல் பங்களிப்பவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் வேலையை கிட்ஹப் 2023 இல் தொடங்கியது. உங்களிடமும் கேட்கும். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் மொபைலில் ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாத நாளிலும் அது எண் கொடுக்கும். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துப் பள்ளி பீரோவில் வையுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த சண்டை அதில்தான் வரும். எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் வைப்போம் என்று தொடங்காதீர்கள். மூன்றாவது மாதத்தில் ஒன்று மட்டும் புதியதாக இருக்கும், மற்றது பொய் சொல்லும். பெட்டியை வைப்பவர், துடைப்பவர், அளவைப் படிப்பவர் பார்க்கும் பக்கங்களைத் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பாக வேண்டாம். நிரல், சர்க்யூட் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வேறு ஊர்க்காரர்கள் வந்து உண்மையிலேயே கேட்கும்போது வெப்லேட் மாதிரிக் கருவியில் மொழிபெயர்க்கலாம். ஸ்பிங்க்ஸுக்கு அந்த வழி ஏற்கெனவே உண்டு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் சில தொல்லைகள் இருக்கின்றன. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியலாம். அந்தக் கணக்கில் ‘கோத்தகிரி’ என்ற ஒரு சொல் 81 எழுத்து நீளும். பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்து அழுத்தமாட்டார். தலைப்பு தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில், சின்னதாக.

அடுத்தது தேடல். பைத்தானில் சொற்களைப் பிரித்துத் தேட உதவும் வழக்கமான ரெகெக்ஸுக்குத் துணைக்காலும் புள்ளியும் எழுத்தாகவே தெரியாது. சொல்லை அந்த இடங்களில் வெட்டிவிடும். அதை நம்பி இருக்கும் தேடலில் ‘மழைமானி’ என்று போட்டால் என்னென்னவோ வரும். சொல் வெட்டுப்படாவிட்டாலும், ‘புனல்’ என்று தேடுகிறவருக்கு ‘புனலில்’, ‘புனலை’ என்று எழுதிய பக்கங்கள் கிடைக்காமல் போகலாம். இதற்கு நான் கண்ட வைத்தியம் பழைய காலத்தது. ஒரே பக்கத்தில், ஆட்கள் சொல்கிற மாதிரியே, கோளாறுகளை எழுதிவிடுங்கள். ‘விளக்கு எரியுது, கணக்கு ஏறலை’, ‘மழை இல்லாமலே எண் ஏறுது’. ஒவ்வொன்றுக்கும் எதிரே போக வேண்டிய பக்கம். ஆட்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு உங்கள் வாட்ஸ்அப் குழுவே அகராதி.

பிடிஎஃப் கட்டாயம் வேண்டும். காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்டும் நெட்டும் இல்லாத சமயத்தில்தான் யாராவது பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். ரீட் த டாக்ஸ் பிடிஎஃப் தயாரித்துத் தரும், ஆனால் வழக்கமான அமைப்பில் தமிழ் வராது. ஸ்பிங்க்ஸ் அமைப்பில் பிடிஎஃப் செய்யும் எஞ்சினை ஸீலேடெக் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவைச் சொல்ல வேண்டும். பையன்களுக்கு ஒரு மாலை நேர வேலை. வந்த பிடிஎஃப்பில் ‘கொ’, ‘கோ’ எல்லாம் கொம்பு பிரியாமல் வந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். அச்செடுத்து ஒவ்வொரு பெட்டிக்காரர் வீட்டிலும் ஒன்று கொடுங்கள்.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை, சுருக்குங்கள். மொபைலில் எடுத்த படம் 4, 5 எம்பி இருக்கும். கிட்டில் ஒருமுறை ஏற்றினால் பிறகு அழித்தாலும் வரலாற்றில் உட்கார்ந்திருக்கும். மலை நெட்டில் புதிதாக வருகிறவர் அத்தனையையும் இறக்க வேண்டும்.

கடைசியாகக் காசு செலவாகும் ஒரே விஷயம், டொமைன். டாட் இன் முகவரி வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும். 11 பெட்டிகளிலும் க்யூஆர் கோடு ஒட்டத்தான் போகிறீர்கள். அதில் கிட்ஹப் முகவரியையோ ரீட் த டாக்ஸ் முகவரியையோ அச்சிடாதீர்கள். உங்கள் சொந்த முகவரியை அச்சிட்டு, அதை ரீட் த டாக்ஸுக்குத் திருப்பிவிடுங்கள். இடம் மாறினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது திரும்பும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் புது ஸ்டிக்கரோடு 11 தோட்டத்துக்கும் அட்டைப்பூச்சிக் கடியோடு நடக்க வேண்டும். முகவரியைக் கல்லூரி மின்னஞ்சலில் பதியாதீர்கள். கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் ஊரிலேயே இருப்பவராக, அதாவது நீங்களாக, இருங்கள். புதுப்பிக்கும் தேதியைப் பள்ளி நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஸ்டிக்கரில் க்யூஆர் கோடுக்குக் கீழே முகவரியை எழுத்திலும், பக்கத்தில் பெட்டியின் பதிப்பு எண்ணைப் பெரிதாகவும் போடுங்கள். மழையிலும் பாசியிலும் கோடு மங்கிப்போகும், எண் கொஞ்ச நாள் தாங்கும். சாதாரணக் காகிதம் வேண்டாம், வினைல் ஸ்டிக்கர் என்று கேட்டு வாங்குங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒட்டிவிடுங்கள். அப்புறம் பெட்டி காய்வதற்கே தை ஆகிவிடும்.